நாலடி அகலத்தில் ஒரு வழி

வாரத்தில் மூன்று நாள் நான் அந்த மணல்திட்டுக்குப் போவேன். பஸ் பாலத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் அரை மணி நேரம் நடை. ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் கடல், நடுவில் இரண்டு வரிசை வீடுகள். மொத்தம் இருபத்தாறு. வடக்கே இருக்கிற பெரிய குடியிருப்புக்குக் கருங்கல் கொட்டிச் சுவர் கட்டிய பிறகு, அங்கே முட்டித் திரும்பிய அலையெல்லாம் இந்தத் திட்டைத் தின்ன ஆரம்பித்தது. இவர்களுக்குக் கல் கொட்ட யாரும் வரவில்லை. வந்ததெல்லாம் ஓலையும் கொடியும்தான்.

நான் போவது படகுத் தச்சருக்குக் கட்டு மாற்ற. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த படகு சரிந்து அவர் இடுப்பின் மேல் விழுந்தது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே எதுவும் அவருடையதாக இல்லை. படுத்தே கிடந்ததில் முதுகுத்தண்டின் அடியில் புண் வைத்துவிட்டது. உள்ளங்கை அகலம் இருந்த புண்ணை நான் ஏழு மாதம் கழுவிக் கழுவி ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

அவர் மனைவியை அங்கே எல்லாரும் வேலியக்கா என்பார்கள். கடல் ஓரத்தில் வேலி கட்டி மணலைப் பிடிக்கிற பத்துப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. வற்றிய உடம்பு, பெரிய பாதங்கள். பேசும்போது கையில் எப்போதும் ஒரு ஓலையோ கயிறோ இருக்கும். நான் புண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து குச்சிகளைக் கட்டிக்கொண்டே தன் தொழிலைப் பற்றிச் சொல்லுவாள்.

"வேலின்னா மறைக்கணும்னு நெனப்பீங்க நர்சம்மா. இது மறைக்கக் கூடாது. காத்து பூந்து வரணும். பூந்து வர்றப்ப களைச்சுப் போகணும். களைச்சுப் போனா கையில இருக்கிற மணலைக் கீழ போட்டுடும். அவ்வளவுதான் சங்கதி."

பாதி ஓலை, பாதி இடைவெளி. அதுதான் கணக்கு. புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி கருத்தாகச் செய்வதாக நினைத்து ஓலையை நெருக்கிக் கட்டிவிட்டாள். காற்று முட்டி, கீழே குனிந்து, அடிமணலைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. "இதென்ன குளிக்கிற எடத்துத் தட்டியா, இவ்வளவு நெருக்கமா?" என்று வேலியக்கா கேட்டதை அந்தப் பெண்கள் ஒரு வருஷம் சொல்லிச் சிரித்தார்கள். வேலி கழுத்து வரை மணலில் புதைந்ததும் அதன் மேலேயே இன்னொரு வேலி. அது புதைந்ததும் அடம்பங்கொடியை முழ நீளம் நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுவார்கள். முன்வரிசையில் ராவணன் மீசை என்கிற முரட்டுப் புல். காலில் குத்தினால் ரத்தம் வரும். அதன் வேர்தான் மணலைப் பிடித்து உட்கார வைக்கிறது. கரையில் ஒதுங்குகிற பாசியைக்கூட அவள் அள்ள விடமாட்டாள். அதுவும் மணலைப் பிடிக்குமாம். நாலு வருஷத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மேடு எழும்பி நின்றது. இடையில் இரண்டு புயல் வந்து போயின. ஒரு வீட்டு வாசலும் நனையவில்லை.

மேட்டைத் தாண்டிக் கடலுக்குப் போக ஒரே ஒரு வழி. அதையும் நேராக விடவில்லை. முழங்கையை மடக்கியது போல இரண்டு திருப்பம். ஏன் என்று கேட்டேன்.

"மனுஷன் திரும்புவான். காத்துக்கும் தண்ணிக்கும் திரும்பத் தெரியாது" என்றாள்.

அந்தத் திருப்பங்கள்தான் தச்சருக்குத் தடையாக இருந்தன. படுத்தபடியே சொல்லிச் சொல்லி, தனக்கு ஒரு சக்கர நாற்காலி செய்ய வைத்திருந்தார். படகுக் கட்டையில் செய்தது. நீளம் அதிகம், பாரம் அதிகம். வீட்டு வாசல் வரை வரும். முதல் திருப்பத்தில் மணல் ஆழம், சக்கரம் புதைந்துவிடும். பத்துப் பெண்கள் சேர்ந்து தூக்கலாம் என்றார்கள். அவருக்குப் பிடிக்கவில்லை. தன் கையால் கட்டிய படகுகள் மிதக்கிற தண்ணீருக்குத் தன்னை மூட்டை போலத் தூக்கிப் போவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பேச்சைக் குறைத்தார். அப்புறம் சோற்றைக் குறைத்தார். தட்டு வரும், இரண்டு வாய் போகும், தட்டு திரும்பும். சாப்பிடாத உடம்பில் புண் ஆறாது. நான் வேலியக்காவிடம் சொன்னேன்: இந்த அறைக்குள்ளேயே வைத்திருந்தால் மருந்தால் பயனில்லை, எப்படியாவது இவரைக் காற்றுப்படக் கடலோரம் கூட்டிப் போ.

சொன்னது நான்தான். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அடுத்த முறை நான் போனபோது மேட்டில் நேராக ஒரு வழி இருந்தது. நாலடி அகலம். கொடியை வெட்டி, மணலை வாரி, தச்சர் பாதியில் விட்ட கடைசிப் படகின் பலகைகளை வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் அவர் உளியால் போடுகிற மூன்று சின்னக் கோடு. பக்கத்து வீட்டு உப்புக்காரி இடுப்பில் கை வைத்து நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருவாட்டுக்கு மீனை உப்பிடுகிற வேலை அவளுக்கு. அவள் வீடு அந்த வழிக்கு நேர் பின்னால், மேட்டை ஒட்டியது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடம்பும் வரவில்லை. அவன் கழற்றிப் போட்டுவிட்டுப் போன ஒரு சட்டையை, துவைக்காமல், இரும்புப் பெட்டியில் வைத்திருந்தாள். அது எல்லாருக்கும் தெரியும்.

தச்சர் அன்று சாயங்காலம் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போனார். அலை வந்து தொடுகிற இடத்தில் நிறுத்தி, இரண்டு கால்களையும் கையால் தூக்கித் தண்ணீரில் வைத்தார். உணர்ச்சி இல்லாத கால். ஆனாலும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தட்டு காலியாகத் திரும்பியது. இரண்டு மாதத்தில் புண் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருங்கியது. நான் வீட்டுக்குப் போய் விளக்கு முன்னால் உட்கார்ந்து நன்றி சொன்னேன்.

வேலியக்கா மட்டும் சந்தோஷமாக இல்லை. மழைக்காலத்துக்கு முன்னால் அடைத்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். காற்று அந்த வழிக்குள் குழாய்க்குள் ஊதுவது போல ஊதியது. வாரத்துக்கு ஒரு சாண் மணல் பறந்தது. பலகைகள் அந்தரத்தில் நின்றன. அவற்றை மறுபடி மறுபடி இறக்கிப் போட வேண்டியிருந்தது. இரண்டு ஓரத்துக் கொடியின் வேரும் வெளியே தொங்கிக் காய்ந்தது. மேலே கால் நட்டுப் பலகைப் பாலம் போட்டால் மேட்டை வெட்டவே வேண்டாம், கொடி அடியில் படரும் என்று தச்சர் யோசனை சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, "ஆனா அதுக்கு ஒரு தச்சன் வேணுமே" என்று சிரித்தார். அடைக்கப் போகும் நாளெல்லாம் அவர் ஒரே வார்த்தைதான் சொல்லுவார்: "இந்த அமாவாசை போகட்டுமே." அவளும் ஓலைக்கட்டைக் கீழே வைத்துவிடுவாள்.

அந்த வருஷம் மழைக்காலத்துக்குப் பதினெட்டு நாள் முந்தியே புயல் வந்தது.

விடியற்காலையிலேயே எல்லாரையும் பாலத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தச்சரைப் பாய்த் துணியில் வைத்து நாலு பெண்கள் தூக்கி வந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு, மருந்தை விட்டு வந்தேன் என்று சாக்குச் சொல்லிவிட்டு, அந்த வழியைப் பார்க்க வேலியக்கா திரும்பி ஓடினாள். அவள் கண்டதைப் பிறகு எனக்குச் சொன்னாள். மேடு நெடுக அலை வந்து மோதி, மோதி, கொடியைச் சீவிக்கொண்டு கீழே விழுந்ததாம். அந்த நாலடியில் மட்டும் விழவில்லை. தண்ணீர் நிமிர்ந்து நின்று நடந்து வந்ததாம். இரண்டு பக்கமும் மணல் கட்டி கட்டியாக இடிந்தது. நாலடி பத்தானது, பத்து நாற்பதானது. உப்புக்காரியின் சுவர் முதலில் உட்கார்ந்தது, பிறகு கூரை. மீன் காயப்போடுகிற பரண், உப்புத் தொட்டி, இரும்புப் பெட்டி, எல்லாம் பின்பக்கக் கழிக்குள் போய்விட்டன. வேறு எந்த வீட்டிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை.

வேலியக்கா தச்சரிடம், கடல் எல்லாப் பக்கமும் ஏறி வந்துவிட்டது என்று சொன்னாள்.

உப்புக்காரியைத் தன் வீட்டு முன்னறையிலேயே தங்க வைத்தாள். நாலு நாள் உப்புக்காரி யாரிடமும் பேசவில்லை. காலையில் கழியோரமாகப் போவாள், கிடைத்த மரத்துண்டுகளை அடுப்புக்குப் பொறுக்கி வருவாள், மூலையில் அடுக்குவாள். பெட்டி கிடைக்கவில்லை. வேலியக்கா தட்டில் சோறு போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டு விலகிப் போவாள். முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

நாலாம் நாள் நான் கட்டு மாற்றப் போனேன். பள்ளிக்கூடத்து ஈரத் தரையில் கிடந்ததில் புண் திறந்து, பழைய அளவைத் தாண்டியிருந்தது. உள்ளே ஆழமாகப் போயிருந்தது. நாற்றத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அங்கேதானே ஏழு மாதம் இருந்தேன், போதும் என்றார். பழைய கட்டுத் துணிகளைத் துவைக்க வேலியக்கா பின்பக்கம் போனாள். நானும் போனேன்.

"நாளைக்கு ஒடைப்பைப் பாக்க கவர்மெண்டு என்ஜினியர் வர்றாரு நர்சம்மா. செடி வெச்சதெல்லாம் வீணுன்னு எழுதிட்டாருன்னா இருபத்தாறு வீட்டையும் காலி பண்ணச் சொல்லிருவாங்க. போன தடவையே சொன்னாங்க, ஒரு எடம் ஒடைஞ்சாலும் திட்டைக் கைவிட்டுருவோம்னு."

"நடந்ததைச் சொல்லிடேன்."

"சொன்னா இவரு காதுக்கு வந்துரும்." துணியைப் பிழிந்தாள். பிழிந்து முடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள். "அவ வீடு போனது தன் வண்டியாலதான்னு தெரிஞ்சா அதோட சோத்தைத் தள்ளி வெச்சுருவாரு. சொல்லலைன்னா மத்தவங்க வீடு போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் கொல்றேன்."

கடவுள் துணையிருப்பார் என்றேன். அவள் தலையாட்டினாள்.

மறுநாள் வலைக் கொட்டகையில் கூடினார்கள். என்ஜினியர் கெட்ட மனிதர் அல்ல. மூக்குக் கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தது. காலையிலிருந்து வெயிலில் நின்று உடைப்பை அளந்திருந்தார். பென்சிலை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார். மேடு நெடுகத் தாங்கியிருக்கிறது, இந்த ஓர் இடம் மட்டும் ஏன் போனது? இங்கே கொடி சரியாகப் பிடிக்கவில்லையா? மணல் வேறா? பத்துப் பெண்களும் தரையைப் பார்த்தார்கள். பலகையைச் சுமந்து போட்டவர்கள் அவர்கள்தான். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. வேலியக்காவைக் காப்பாற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அது அன்புதான். அந்த அன்பு அவர்கள் வீட்டையே கொண்டுபோகும் என்பதும் தெரிந்தது.

"அப்ப செடி தாங்கலைன்னுதான் எழுதணும்" என்றார் என்ஜினியர். வருத்தமாகத்தான் சொன்னார்.

வேலியக்கா எழுந்தாள்.

"செடி மேல பழி போடாதீங்க சார். அங்க செடியே கெடையாது. நான்தான் வெட்டினேன். என் வீட்டுக்காரரு வண்டி போறதுக்கு நேரா வெட்டினேன். நேரா வெட்டக் கூடாதுன்னு இவங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

யார் அனுமதி கொடுத்தது என்று என்ஜினியர் கேட்டார். பின்னாலிருந்து, நாலு நாளாகப் பேசாத குரல், கரகரவென்று வந்தது.

"வெட்டுன்னு சொன்னவ நான். மொத வெட்டு என் மீன் கத்தியில விழுந்தது." உப்புக்காரி எழுந்திருக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே சொன்னாள். "அண்ணி மாட்டேன்னுதான் சொன்னா. மனுஷனைவிட மணல் பெருசான்னு நான்தான் கேட்டேன். வீடு போனது எனக்கு. எழுதுறதா இருந்தா அதையும் சேத்து எழுதுங்க."

காற்றுப்படச் சொன்னது நான் என்று அப்போது நானும் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். வெள்ளை உடுப்பும் பையுமாக ஓரத்தில் நின்றேன். சொல்லவில்லை. இன்றைக்கும் பிரார்த்தனையில் உட்காரும்போது அந்தக் கொட்டகைதான் முதலில் வருகிறது.

என்ஜினியர் எழுதியதில் ஒரு வரியை அடித்தார். வெகுநேரம் எதையோ எழுதினார். "நடந்ததை நடந்தபடி எழுதறேன்மா. மேல என்ன சொல்வாங்கன்னு தெரியாது. ஒரு பருவம் கேட்டுப் பார்க்கறேன். அதுக்குள்ள ஒடைப்பு மூடியிருக்கணும்" என்றார். போகும்போது வேலியக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் கவனிக்கவில்லை. வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். தச்சர் வேறு யார் வாயிலிருந்தோ கேட்பதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று என்னையும் வரச் சொன்னாள்.

அறைக்குள் நுழைந்ததும் இருவரும் நின்றுவிட்டோம். தச்சர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் புண்ணோடு உட்காரவே கூடாது. மடியில் ஒரு பலகை. உளியால் அதை நீளவாக்கில் பிளந்து, நுனியைக் கூராகச் சீவிக்கொண்டிருந்தார். படுக்கை முழுக்க மரச்சீவல். பக்கத்தில் வேலிக்கு ஊன்றுகிற முளைக்குச்சிகள் ஏழெட்டு, சீவி முடித்தவை, அடுக்கியிருந்தன. பலகையின் ஓரத்தில் மூன்று சின்னக் கோடு.

"ஏங்க" என்றாள்.

"மொத நாளே அவ அடுப்புக்குன்னு பொறுக்கிட்டு வந்தா. என் பலகை எனக்குத் தெரியாதா?" நிமிராமல் சொன்னார். "கடலோரத்துல போட்டது, கழிப் பக்கம் போய்க் கெடந்திருக்கு. எது வழியா போயிருக்கும்? படகுல ஒரு ஆணி ஓட்டை இருந்தா தண்ணி அதைத்தான் தேடி வரும். இது கட்டறவனுக்குத் தெரிஞ்சதுதான். தெரிஞ்சுதான் இன்னொரு அமாவாசை, இன்னொரு அமாவாசைன்னு கேட்டேன்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

"நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். இப்ப வெளியே சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சரி. சோறு போடு."

அவள் போட்டாள். அவர் முழுவதும் சாப்பிட்டார். பசியால் சாப்பிடவில்லை, அவளுக்காகச் சாப்பிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வாயையும் தண்ணீர் குடித்து இறக்கினார்.

உடைப்பை மூடப் பதினோரு நாள் ஆனது. நாற்பது அடிக்கு மூன்று வரிசை வேலி. உப்பங்கழியில் ஒதுங்கிய மரக்கிளைகளையெல்லாம் பெண்கள் தலையில் சுமந்து வந்து பள்ளத்தில் பரப்பி, அதன் மேல் மணல் தள்ளினார்கள். வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது. ஈரச் சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டு வேலை செய்தார்கள். உப்புக்காரியும் வந்தாள். தன் வீடு இருந்த இடத்தில் ஊன்றுகிற குச்சிகளை மட்டும் வேறு யாரையும் தொட விடவில்லை. தச்சர் படுக்கையில் கிடந்தபடியே முந்நூறு குச்சிக்கு மேல் சீவினார். நிறுத்துங்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். தலையாட்டிவிட்டுச் சீவினார்.

கடைசி நாள், நடுவில் வண்டி அகலம் மட்டும் அடைக்காமல் வைத்துவிட்டு அவரைக் கூட்டிவந்தார்கள். இந்தத் தடவை பெண்கள் தூக்கினார்கள். அவர் தடுக்கவில்லை. மேகம் இல்லாத காலை. கடல் ஒன்றும் செய்யாதது போலக் கிடந்தது. ஓலைக் கட்டுகளை வைத்துக்கொண்டு பத்துப் பேரும் காத்திருந்தார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். அவர் அந்த இடைவெளி வழியாகக் கடலைப் பார்த்தார். பிறகு, "வெயிலு ஏறுது, அவங்க கால் சுடும். நட்டுடு" என்றார். முதல் குச்சியைத் தானே வாங்கி, மண்ணில் நிறுத்திப் பிடித்தார். வேலியக்கா சுத்தியலால் அடித்தாள். ஒவ்வோர் அடிக்கும் அவர் கை அதிர்ந்தது.

மூன்று வாரத்தில் வேலி கணுக்கால் வரை புதைந்தது. அதற்குள் கொடியும் ஊன்றிவிட்டார்கள். மேலிடத்திலிருந்து தாள் வந்தது. ஒரு பருவம் பொறுத்திருப்பார்களாம். அதற்குப் பிறகு பார்ப்பார்களாம். தச்சர் அறை ஜன்னலில் முன்பு கடல் கோடாகத் தெரிந்த இடத்தில் இப்போது ஓலை தெரிந்தது. அவர் புண் எலும்பைத் தொட்டுவிட்டது. அடுத்த பருவத்தை அவர் பார்க்க மாட்டார் என்று வேலியக்காவிடம் சொன்னேன். குச்சி கட்டிக்கொண்டிருந்தவள் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

ஒரு காலையில் நான் கட்டுப் போட்டு முடிக்கிற நேரத்தில் உப்புக்காரி உள்ளே வந்தாள். அந்த நாள் வரை அவள் அவர் அறைக்குள் வந்ததில்லை. தலைச்சும்மாட்டில் ஒரு வாளி. இரண்டு திருப்பத்தையும் சுற்றிக்கொண்டு, கடல் தண்ணீரைத் தளும்பத் தளும்ப எடுத்து வந்திருந்தாள். தோளெல்லாம் நனைந்திருந்தது. கட்டிலுக்குக் கீழே அகலச் சட்டியை வைத்து ஊற்றினாள். ஒரு துண்டுப் பாசியும் அதில் வந்து விழுந்தது.

"மீன் கழுவ எடுத்த தண்ணி. மிச்சம்" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் யாரும் கடலுக்குப் போகவில்லை என்பதும், ஊரில் கழுவ ஒரு மீன்கூட இல்லை என்பதும் எங்கள் மூவருக்கும் தெரியும்.

தச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். "என்னை மன்னிச்சுட்டியா?"

"இல்லண்ணே" என்றாள். "அந்தச் சட்டையை நெனைக்காத நேரமில்ல. அது வேற, இது வேற. காலைக் கொடுங்க."

நானும் அவளுமாக அவரைப் பிடித்துச் சரித்து உட்கார வைத்தோம். அவள் கீழே குத்துக்காலிட்டு, அந்த இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீரில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாசி மெல்ல நகர்ந்து ஒரு கட்டைவிரலில் ஒட்டியது.

"கடலு இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"கலங்கல்" என்றாள் உப்புக்காரி. சட்டியின் ஓரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு எப்படியிருக்குன்னு நாளைக்குச் சொல்றேன்."